ஜப்பானியக் கத்தியில் பொறித்திருப்பது யாருடைய பெயர்?

கேட்டிருந்த கேள்வி சுருக்கமாக இதுதான்: இணையத்தில் ஒரு ஜப்பானியச் சமையல் கத்திக்கு முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், "சகாய் நகரத்துக் கைவினைஞர் அடித்தது" என்று எழுதியிருக்கிறது, ஆனால் அச்சு அசலாக அதே கத்தி இன்னொரு கடையில் இன்னொரு பெயரில் கிடைக்கிறது. இதில் எது உண்மை, நாம் கொடுக்கும் காசு யாருக்குப் போகிறது?

ஒரே கத்தி இரண்டு பெயரில் இருப்பதை வைத்து மட்டும் ஏமாற்று என்று முடிவு கட்டாதீர்கள். சகாயில் அது நூற்றாண்டுகளாக நடக்கும் வியாபார முறை. காஞ்சிபுரம் பட்டை வாங்கும்போது பையில் கடையின் பெயர்தானே இருக்கும், தறியில் உட்கார்ந்தவர் பெயர் எங்கே இருக்கிறது? சகாய் கத்தியும் அப்படித்தான். அலகில் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் மொத்த வியாபாரியுடையது, இல்லையென்றால் விற்கிற கடையுடையது. இரும்பை அடித்த கொல்லரின் பெயராக இருப்பது அபூர்வம்.

சகாய் என்பது ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் பழைய துறைமுக நகரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாகத் துப்பாக்கியும் வந்தது, புகையிலையும் வந்தது. இரண்டுமே சகாய்க் கொல்லர்களுக்கு வேலை கொடுத்தன. புகையிலையை மயிரிழையாக நறுக்க நல்ல கத்தி வேண்டும். இங்கே செய்த புகையிலைக் கத்திகளுக்கு அன்றைய எடோ கால ஷோகன் (படைத்தலைவர்) அரசாங்கம் தனி முத்திரை கொடுத்து, நாடு முழுக்க விற்க ஏகபோக உரிமையும் கொடுத்தது. அந்தக் கைப்பழக்கம்தான் பிறகு சமையல் கத்திக்கு மாறியது. இன்றைக்கும் ஜப்பானிய உணவு சமைக்கும் தொழில்முறைச் சமையல்காரர்கள் ஒருபக்கம் மட்டும் சாணை பிடித்த கத்தி என்றால் முதலில் சகாயைத்தான் நினைப்பார்கள்.

இங்கே ஒரு கத்தியை ஒரே ஆள் முழுதாகச் செய்வதில்லை. அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி செய்பவர் வேறொருவர். மூவருக்கும் தனித்தனிப் பட்டறை, தனித்தனிக் குடும்பம். இவர்களை இணைப்பவர்தான் தோன்யா என்று அழைக்கப்படும் மொத்த வியாபாரி.

கொல்லரின் வேலை பச்சிரும்பையும் உருக்கையும் ஒட்டுவதில் தொடங்குகிறது. மென்மையான இரும்பைச் சூடாக்கி, மேலே வெண்காரம் கலந்த பொடியைத் தூவி, உருக்குத் துண்டை வைத்து, மறுபடி உலையில் காய்ச்சி அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். உருக்கு மட்டும் இருந்தால் கத்தி உடையும், சாணை பிடிக்கவும் உயிர் போகும். இரும்பு மட்டும் இருந்தால் கூர்மை நிற்காது. ஒட்டிய பிறகு அடித்து நீட்டி, வைக்கோல் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுவார்கள். ஆறியதைக் குளிர்ந்த நிலையிலேயே மறுபடி அடித்து, வடிவம் வெட்டி, மேலே சேறு பூசிக் காயவைத்து, சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் தோய்ப்பார்கள். சூட்டைக் கண்ணால் பார்த்து, நெருப்பின் நிறத்தை வைத்தே முடிவு செய்யும் கொல்லர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் பல பட்டறைகளில் வெளிச்சம் மங்கலாக இருக்கும். இருபது முப்பது டிகிரி கூடினால் போதும், உருக்கின் உள்மணி பருத்துப் போய் வாய் பொடிந்து விழும் கத்தியாகிவிடும். தோய்த்த பிறகு 150 முதல் 200 டிகிரிக்குள் லேசாகச் சூடுகாட்டி அந்த முறுக்கைக் கொஞ்சம் தணிப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "கையால் அடித்தது" என்றால் ஒருவர் காலை முதல் மாலை வரை சம்மட்டி தூக்கி அடிக்கிறார் என்று கற்பனை செய்யாதீர்கள். மோட்டாரில் ஓடும் விசைச் சுத்தியல் கிட்டத்தட்ட எல்லாப் பட்டறையிலும் உண்டு. முன்பு எதிரே நின்று சம்மட்டி போட்ட சீடர்களின் இடத்தில் இப்போது அது நிற்கிறது. இரும்பை எங்கே, எந்தக் கோணத்தில், எந்தச் சூட்டில் நுழைப்பது என்பது கையும் கண்ணும்தான். இதைக் காரணம் காட்டி "இதெல்லாம் மெஷின் வேலை" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

கொல்லரிடமிருந்து வரும் அலகு கறுப்பாக, தடிமனாக, மழுங்கலாக இருக்கும். அதைக் கத்தியாக்குபவர் சாணைக்காரர். தண்ணீர் ஊற்றிக்கொண்டே சுழலும் பெரிய கல்லில், மரச்சட்டத்தில் அலகைப் பொருத்தி உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துவார். தேய்த்தால் சூட்டில் வளையும், வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நேராக்குவார், மறுபடி தேய்ப்பார், மறுபடி தட்டுவார். சஷிமிக்கான (பச்சை மீனை மெல்லிய துண்டுகளாக வெட்டும்) நீளமான யனாகிபா மாதிரிக் கத்திகளில் பின்பக்கம் தட்டையாக இருக்காது, மிக லேசான குழிவு இருக்கும். மீன் துண்டு ஒட்டாமல் விலகுவதும், பின்னால் வீட்டில் சாணை பிடிக்க எளிதாக இருப்பதும் அந்தக் குழிவால்தான். அதைச் சீராக எடுக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். வாங்குபவர்கள் எல்லாரும் கொல்லர் யார் என்றே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், கத்தி வெங்காயத்தில் எப்படி இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பவர் சாணைக்காரர். அருமையாகப் பதம் வைத்த அலகைத் தடிமனாகத் தேய்த்துவிட்டால் கேரட் வெட்டுப்படாது, பிளந்து தெறிக்கும்.

பிடி வழக்கமாக ஹோ என்கிற மக்னோலியா மரம், கழுத்தில் எருமைக்கொம்பு வளையம். இந்த மரம் லேசானது, ஈரக்கையில் வழுக்காது. அலகின் காம்பைச் சூடாக்கிப் பிடிக்குள் செருகி, பிடியின் அடியைச் சுத்தியலால் தட்டினால் அலகு உள்ளே ஏறிக்கொள்ளும். பிடி கெட்டால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம், கத்தியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இந்தப் பிடி போடும் வேலையும், கடைசியாக வளைவு பார்ப்பதும், உளியால் பெயர் வெட்டுவதும் பெரும்பாலும் தோன்யாவின் இடத்தில்தான் நடக்கும். பெயர் ஏன் கொல்லருடையதாக இல்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது: பெயர் வெட்டுவது கடைசிக் கட்டம், அப்போது சரக்கு தோன்யா கையில் இருக்கிறது.

தோன்யா வெறும் இடைத்தரகர் என்று நினைக்க வேண்டாம். எத்தனை, எந்த நீளம், எந்த உருக்கு என்று ஆர்டர் கொடுப்பது அவர். அடித்த அலகை எடுத்து எந்தச் சாணைக்காரருக்கு அனுப்பினால் சரியாக வரும் என்று தெரிந்தவரும் அவர்தான். இரண்டு பட்டறைக்கும் நடுவில் நின்று, கொல்லர் செய்த தப்பைச் சாணைக்காரர் மறைக்காமலும், சாணைக்காரர் செய்த தப்பு கொல்லர் தலையில் விழாமலும் பார்த்துக்கொள்வார். எங்கோ ஹொக்கைடோவில் இருக்கும் கடைக்கு 270 மி.மீ. யனாகிபா இரண்டே இரண்டு வேண்டும் என்றால், கொல்லர் இரண்டுக்காக உலை மூட்ட முடியாது. தோன்யாவின் அலமாரியில் இருக்கும் இருப்பிலிருந்து போகும். விற்காமல் கிடந்தால் அந்த நஷ்டமும் அவருடையது. ஒரே கொல்லரும் ஒரே சாணைக்காரரும் மூன்று தோன்யாக்களுக்கு வேலை செய்வது சகஜம் என்பதால்தான் நீங்கள் பார்த்த அந்த இரட்டைக் கத்திகள் உருவாகின்றன. சகாய் தகாயுகி என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது ஒரு கொல்லர் அல்ல. அவோகி ஹமோனோ என்ற சகாய் நிறுவனத்தின் பிராண்ட்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. ஒரு கத்திக்கு இவ்வளவு கூலி என்று பேசி வாங்கும் தொழில் இது. ஜப்பானில் வீட்டுக்கு வீடு மலிவான துருப்பிடிக்காத கத்தி வந்து, மீனைக் கடையிலேயே வெட்டிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, கூலி ஏறாமலே பல வருடம் ஓடியது. பிள்ளைகள் பட்டறைக்கு வரவில்லை. தொழில் கற்கப் பத்து வருடம் பிடிக்கிற இடத்தில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் அதை அவசரத்தில் ஈடுகட்ட முடியாது. இப்போது உலகம் முழுக்க வாங்க ஆள் இருக்கிறது, அடிக்க ஆள் போதவில்லை. அதனால்தான் பெயர்பெற்ற சில கொல்லர்களின் கத்திக்கு மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலே, காத்திருக்க வேண்டியிருக்கிறது. பெயர் பெரிதாக ஆக, வாங்கியவுடன் மறுவிற்பனைக்குப் போடுபவர்களும் வந்துவிட்டார்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இன்னொன்றையும் மாற்றினார்கள். அடித்தது யார் என்று கேட்கும் பழக்கம் உள்ளூரில் அதிகம் இல்லை. கடையை நம்பி வாங்குவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாங்கியவர்கள் விடாமல் கேட்க ஆரம்பித்தார்கள். தோன்யாக்கள் முதலில் சொல்லத் தயங்கியது இயல்புதான், பெயர் தெரிந்தால் கடைக்காரர் நேரே பட்டறைக் கதவைத் தட்டுவார், சகாய்க்குள்ளேயே போட்டிக்காரரும் தட்டுவார். இன்றைக்கு நிலைமை வேறு. பல கடைகள் அடித்தவர் இன்னார், சாணை இன்னார் என்று இரண்டு பெயரையும் போட்டே விற்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பெயருக்கே தனி விலை கிடைக்கிறது. சில நிறுவனங்கள் இன்னமும் வாய் திறப்பதில்லை. அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சகாயை மட்டும் வைத்து ஜப்பான் முழுவதையும் எடைபோடவும் கூடாது. புகுயி மாநிலத்தின் எச்சிசென் பகுதியில் (தகேஃபு என்பது அங்கே பழைய ஊர்ப்பெயர்) கதையே வேறு. 1337-இல் கியோட்டோவிலிருந்து நல்ல தண்ணீர் தேடி வந்த ஒரு வாள் கொல்லர் பக்கத்து விவசாயிகளுக்கு அரிவாள் அடித்துக் கொடுத்ததில் தொழில் தொடங்கியதாக அவர்கள் சொல்வார்கள். 1979-இல் அரசு அங்கீகரித்த மரபுக் கைவினையாக எச்சிசென் ஆனது, சகாய்க்கு அது 1982-இல்தான் கிடைத்தது. ஆனாலும் அரிவாளுக்கும் சமையல் கத்திக்கும் சந்தை சுருங்கிக்கொண்டே வந்தது. 1980-களில் கசுவோ கவசாகி என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து அங்குள்ள கொல்லர்கள் சிலர் புது வடிவங்களைச் செய்து பார்த்தார்கள், 1993-இல் தகேஃபு கத்திக் கிராமம் என்ற பொதுப் பட்டறையைத் திறந்தார்கள். தனித்தனியாகக் கடன் வாங்கி உலை போட முடியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் உலையையும் சுத்தியலையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. மாடியிலிருந்து யார் வேண்டுமானாலும் வேலையைப் பார்க்கலாம். இங்கே அடிப்பவரே சாணையும் பிடிக்கிறார், தன் பெயரையே போட்டு விற்கிறார். யூ குரொசாகி, யோஷிமி கதோ என்றெல்லாம் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்கள் இந்த ஊரிலிருந்து வந்தது இதனால்தான். இளம் ஆட்கள் தொழிலுக்கு வருவதில் எச்சிசென் முன்னால் நிற்பதற்கும் இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்: பெயர் கிடைக்கும் இடத்துக்கு ஆள் வரும்.

கிஃபு மாநிலத்தின் செகி வாளுக்குப் பேர்போன ஊர். 1876-இல் மெய்ஜி அரசு வாள் அணிவதைத் தடைசெய்த பிறகு அங்கே வீட்டுக் கத்திக்கும் சவரக் கத்திக்கும் திரும்பினார்கள். இன்று அது தொழிற்சாலை ஊர். 1908-இல் அங்கே தொடங்கிய காய் நிறுவனம்தான் ஷுன் கத்திகளைச் செய்கிறது. நீகாதா மாநிலத்தின் சஞ்ஜோவும் சுபமேயும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சஞ்ஜோவில் விவசாயிகள் வருமானத்துக்காக ஆணி அடிக்க ஆரம்பித்ததிலிருந்து வந்த தொழில், சுபமேயில் தோஜிரோ மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றன. ஷிகோகு தீவில் தோசா என்று ஒரு பகுதி, காட்டு வேலைக்கான கோடாரியும் அரிவாளும் அடித்துப் பழகியவர்கள். தோசாக் கத்தியில் மினுமினுப்பு கிடையாது, உலைக் கறுப்பு அப்படியே இருக்கும். கையால் அடித்த கத்தி எப்படி இருக்கும் என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஜப்பானில் பத்தாயிரம் யென்னுக்கு உள்ளேயே நல்லது கிடைக்கும்.

சரி, "கைவினை" என்ற வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு? ஒரு முனையில் ஹொன்யாகி இருக்கிறது: முழுக்க ஒரே உருக்கு, மேலே மண் பூசித் தோய்ப்பது, தோய்க்கும்போதே விரிசல் விழுந்து வீணாவது அதிகம், விலை லட்சம் யென்னைத் தாண்டி எங்கேயோ போகும். அடுத்தது மேலே சொன்ன இரும்பும் உருக்கும் ஒட்டி அடித்தது. அதற்கும் அடுத்தது, உருக்காலையிலேயே அடுக்கடுக்காக ஒட்டி உருட்டி வரும் தகட்டை வாங்கி, உலையில் சூடாக்கி, அடித்து வடிவமாக்குவது. மறுமுனையில் அதே தகட்டை லேசரில் வெட்டி, மொத்தமாகச் சூளையில் பதம் வைத்து, கையால் சாணை மட்டும் பிடிப்பது. கடைசி மூன்றையும் விளம்பரத்தில் "கையால் செய்தது" என்றே எழுதுவார்கள், மூன்றிலும் மனிதக் கை இருப்பதால் பொய் என்று சட்டையைப் பிடிக்கவும் முடியாது. லேசரில் வெட்டியது மட்டம் என்றும் அர்த்தமில்லை. மெல்லிய, சீரான, தினப்படி வேலைக்கு அருமையான கத்திகள் அப்படி வருகின்றன. அதற்கு ஹொன்யாகி கதை சொல்லி விலை வாங்குவதுதான் தப்பு. டமாஸ்கஸ் அலைக்கோடுகளும் அநேகமாக இப்படி ஆலையில் அடுக்கிய தகட்டிலிருந்து வருபவைதான். அழகுக்கு வாங்கலாம், வெட்டுவதில் அதற்குப் பங்கில்லை.

உருக்குப் பெயர்களில் குழம்ப வேண்டாம். வெள்ளை, நீலம் என்று சொல்வது ஷிமானே மாநிலத்தின் யசுகி ஆலை உருக்கு, சுற்றிவரும் காகிதத்தின் நிறத்தை வைத்து அழைக்கிறார்கள். ஆலை நடத்திய ஹிட்டாச்சி மெட்டல்ஸ் 2023 முதல் புரோட்டீரியல் என்ற பெயரில் இயங்குகிறது. வெள்ளையில் கார்பன் தவிரப் பெரிதாக எதுவும் சேர்ப்பதில்லை, சாணைக்கு உடனே பணியும். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ப்பதால் கூர்மை இன்னும் கொஞ்சம் நாள் நிற்கும். இரண்டுமே துருப்பிடிக்கும். விஜி-10 என்பது எச்சிசெனில் உள்ள தகேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் செய்யும், துருவை நன்றாகத் தாங்கும் உருக்கு.

ஏற்றுமதி பக்கம் பார்த்தால், தோன்யாவோ கொல்லரோ வெளிநாட்டுச் சிறப்புக் கடைக்கு நேராக அனுப்புவது இப்போது அதிகம். அந்தக் கடைக்காரர்கள் ஜப்பானுக்கு வந்து, பட்டறையில் உட்கார்ந்து பேசி, தங்களுக்கு மட்டும் என்று ஒரு வரிசை செய்யச் சொல்லி வாங்கிப் போகிறார்கள். கொல்லர் கூலி, சாணைக் கூலி, பிடி, தோன்யா லாபம், விமானச் செலவு, சுங்கம், கடை லாபம் எல்லாம் ஏறித்தான் உங்கள் திரையில் தெரியும் விலை. இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து கடிக்கும். ஜப்பானுக்குப் போகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் டோக்கியோவின் கப்பாபாஷி தெருவில், ஒசாகாவின் டோகுயாசுஜியில் அல்லது சகாயிலேயே வாங்கி வரச் சொல்லுங்கள், பல கடைகளில் உங்கள் பெயரையே வெட்டித் தருவார்கள். அங்கே 6 செ.மீ.க்கு மேல் வாய் நீளமுள்ள கத்தியைத் தகுந்த காரணமின்றி எடுத்துக்கொண்டு நடப்பது சட்டப்படி குற்றம், அதனால் கடையில் கட்டிக் கொடுத்த பெட்டியை வழியில் பிரிக்காமல் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றச் சொல்லுங்கள், கைப்பையில் கூடவே கூடாது.

போலிகளைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. "முதிய கொல்லர் ஓய்வு பெறுகிறார், கடைசிச் சரக்கு, 70 சதவீதம் தள்ளுபடி" என்று வந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். உருக்கின் பெயர் இல்லை, ஊர் இல்லை, எடை இல்லை, "ஜப்பானிய பாணி" என்று மட்டும் இருக்கிறது என்றால் அது ஜப்பானில் செய்ததல்ல. அலகில் கான்ஜி என்கிற ஜப்பானியச் சித்திர எழுத்து இருப்பதெல்லாம் சாட்சியே கிடையாது, எழுத்தை எந்த ஊரிலும் அச்சடிக்கலாம். அலைக்கோடு வாய்வரைக்கும் ஒரே அச்சாக ஓடினால் அது மேல்பூச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிஜ அடுக்கில் நடு உருக்கு வாயோரத்தில் தனிக் கோடாகத் தெரியும்.

உங்கள் முப்பதாயிரத்துக்கு வருகிறேன். விற்பவரிடம் நாலு கேள்வி கேளுங்கள்: எந்த உருக்கு, எந்த ஊர், சாணை எங்கே பிடித்தது, தகட்டிலிருந்து வெட்டியதா ஒட்டி அடித்ததா. சகாய் வெள்ளை அல்லது நீல உருக்கில் ஒட்டி அடித்த 210 மி.மீ. கியூதோ (மேலைநாட்டு பாணியிலான பொதுச் சமையல் கத்தி) என்று தெளிவாகச் சொன்னால், இறக்குமதிச் செலவோடு அந்த விலை அநியாயமில்லை. லேசரில் வெட்டிய விஜி-10 என்றால் அதிகம்.

அப்புறம், நம் சமையலுக்கு அது தேவையா என்பது வேறு விஷயம். இந்தக் கத்திகள் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் கடினமானவை, அதாவது மெலிந்த வாய், உடையும் வாய். தேங்காய் உடைக்க, ஆட்டெலும்பு வெட்ட, பலாப்பழம் பிளக்க எடுத்தீர்களானால் அன்றே பல் விழும். அரிவாள்மனையை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். காய்கறிதான் முக்கிய வேலை என்றால் நகிரி (காய்கறிக்கென்றே உள்ள கத்தி) அல்லது சாந்தோகு (எல்லாவற்றுக்குமான வீட்டுக் கத்தி), 165 முதல் 180 மி.மீ., இரண்டு பக்கமும் சாணை பிடித்தது, நடுவில் கார்பன் உருக்கும் இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத உருக்கு அடுக்கும் ஒட்டியது. புளியும் எலுமிச்சையும் பட்டால் அந்த வாய் மட்டும் கறுக்கும், உடனே துடைத்துவிட்டால் போதும். ஒருபக்கச் சாணைக் கத்தியை ஆசைப்பட்டு வாங்காதீர்கள், அது வலது கைக்கும் இடது கைக்கும் தனித்தனியாகச் செய்வது, இடது கைக்காரர்களுக்கு விலையும் கூடுதல், சாம்பார் காய் நறுக்க உதவவும் உதவாது. பட்ஜெட்டில் கொஞ்சத்தை ஒதுக்கி தண்ணீர் விட்டுத் தேய்க்கும் 1000 எண் சாணைக்கல் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். தெருவில் சைக்கிள் சாணை கொண்டுவருபவரிடம் மட்டும் கொடுத்துவிட வேண்டாம், தண்ணீரில்லாமல் அந்தச் சக்கரம் கிளப்பும் சூட்டில் வாயோரத்துப் பதம் போய்விடும்.